மூன்றாம் நம்பர் ஏன் சூடாகவில்லை

கல்யாண வீட்டார் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்டி படுத்துவிடும். அந்தப் புதன்கிழமை, ஏழாவது தடவையும் அப்படியே ஆயிற்று. மணப்பெண் தண்ணீர் கிளாஸைக் கையில் எடுத்தாள்; அது உதட்டுக்குப் போவதற்குள் திரை கறுத்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அறுபத்திரண்டு சதவீதம். வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்த வீடியோவை ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்கிற கடைசி வேலை அது. காலை ஏழு மணிக்கு ஓடவிட்டது, பதினொன்றேகாலுக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தவள் திட்டவில்லை. நாலாவது தடவை வரைக்கும் திட்டிப் பார்த்தாயிற்று, அதற்கெல்லாம் அசைகிற ஜாதி இல்லை அது. குனிந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது.

தெருவில் அவளை எடிட்டிங் அக்கா என்பார்கள். எட்டு வருஷமாக அந்த மாடி வீட்டின் படுக்கையறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கல்யாணங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். யார் கொட்டாவி விட்டார்கள், எந்த அத்தை எந்தச் சித்தியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மாப்பிள்ளையின் நண்பன் எத்தனை தடவை சாப்பிட உட்கார்ந்தான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுச் சந்தோஷத்தை மட்டும் விட்டுவைப்பது அவள் தொழில். போட்டோகிராபர் ஒருவர்தான் எட்டு வருஷமும் வேலை கொடுத்தவர். போன மாதம் மூன்று வீடியோக்கள் தாமதமானபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை மட்டும், சனிக்கிழமைக்குள் வராவிட்டால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டார். கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பெட்டியை மூன்று வருஷத்துக்கு முன் கட்டிக் கொடுத்தவன் அவள் தம்பி. அவன் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, இதே அறையில் தரையில் துண்டை விரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினான். அவள் ஸ்க்ரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். இருப்பதிலேயே பெரிய சாமான் வீடியோ கார்டு. எடிட்டிங் பெட்டிக்கு அதுதான் உயிர். அதைப் பூட்டும்போது தம்பி கை நழுவிக் கீழே போட்டுவிட்டான். மூலையில் பிளாஸ்டிக் கொஞ்சம் பெயர்ந்தது. பயல் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அவள்தான் சிரித்துவிட்டு, பெயர்ந்த இடத்தில் தன்னுடைய மெரூன் நகப்பாலிஷை ஒரு பொட்டு வைத்து மூடினாள். "இனிமே தொலைஞ்சா கூட என்னுதுன்னு அடையாளம் காட்டலாம்" என்றாள். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு.

மூன்று வருஷம் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று மாதத்துக்கு முன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தச் சமயத்தில் தம்பி வந்து பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டுப் போயிருந்தான். அவள் கணவர் அப்போது வேலையில் இருந்ததாகவும், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கிற சாவியை எடுத்து அவனே திறந்து வேலையை முடித்துக்கொண்டு போனதாகவும் அவளுக்குச் சொல்லப்பட்டது. தம்பி போனில் ஒரு புத்தியும் சொன்னான்: இனிமேல் வீடியோவை வெளியே எடுக்கும்போது இரண்டாவது ஆப்ஷனை வைத்துக்கொள், கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் படம் சுத்தமாக வரும். அவளும் வைத்துக்கொண்டாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் பெட்டி படுக்க ஆரம்பித்தது.

"வெயில்க்கா" என்றான் தம்பி. "உங்க ரூம் அடுப்பு மாதிரி இருக்கு. அதுவும் மேல்மாடி. மெஷின் என்ன பண்ணும்?"

வெயில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது அந்த வருஷம். குழாயில் பகல் பன்னிரண்டுக்கு வெந்நீர் வந்தது. அதனால் அவள் நம்பினாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல மேஜை விசிறியைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தான் புழுங்கினாள். ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். அதைப் போனில் சொன்னபோது தம்பி, "நல்ல ஐடியாக்கா, ரெண்டு ஜன்னல்லயும் போடு" என்றான். இரண்டு ஜன்னலிலும் போட்டாள். கணவர் ஒரு படி மேலே போனார். அவர் ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். காலைச் சவாரி முடிந்து பகலில் வீட்டுக்கு வந்தால் நாலு மணிக்குத்தான் மறுபடி கிளம்புவார். கம்பெனி கேன்டீனில் கேட்டு, சாப்பாட்டு டப்பாவில் ஐஸ் கட்டி வாங்கி வருவார். அதைக் கிண்ணத்தில் போட்டு விசிறிக்கு முன்னால் வைப்பார். பெட்டிக்குக் குளிர்ந்த காற்று போகுமாம். கம்ப்யூட்டர் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனுஷன் அவர். மவுஸைத் துடைக்கச் சொன்னால்கூட, "நான் தொட்டா ஏதாவது ஆயிடும்" என்று துணியை அவளிடமே கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் தனக்காக ஐஸ் சுமந்து வருகிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அந்தப் புதன்கிழமை பெட்டி படுத்த கொஞ்ச நேரத்தில், ஈரத்துணியைப் பிழியக் கீழே குழாயடிக்குப் போனவளைக் கீழ்வீட்டு பிரிட்ஜ்காரர் பிடித்துக்கொண்டார். பிரிட்ஜ், ஐஸ் பெட்டி ரிப்பேர் பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், யார் வீட்டுக் கஷ்டமும் தன் வீட்டுக் கஷ்டம் என்று நினைக்கிறவர், அதனாலேயே அவர் மனைவியிடம் நிறையப் பேச்சு வாங்குகிறவர்.

"எத்தனை நாளாம்மா இந்தத் துணி வைத்தியம்? எங்க சூடாகுதுன்னு பாத்தீங்களா?"

பெட்டி முழுக்கத்தான் சூடாகுதுண்ணே என்றாள்.

"முழுக்கன்னு ஒண்ணு கிடையாது தங்கச்சி. ஐஸ் பெட்டில குளிர் எங்க போகுதுன்னு பாக்கறேன். இதுல சூடு எங்க போகுதுன்னு பாக்கணும். வேலை ஒண்ணுதான்."

அரைமணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு மாடிக்கு வந்தார். டப்பாவில் ஐந்து தெர்மாமீட்டர்கள் இருந்தன. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னத் திரை, அதிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வயர், வயர் முனையில் உளுந்து பருமனில் சென்சர். ஐஸ் பெட்டிக்குள் சென்சரைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே திரையில் குளிரைப் படிப்பாராம். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி நம்பர் எழுதியிருந்தார்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் மனுஷன் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். முன்பக்க விசிறியின் வாயில் ஒன்றாம் நம்பர். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இரண்டாம் நம்பர். வீடியோ கார்டின் முதுகில், உலோகத்தோடு ஒட்டினாற்போல மூன்றாம் நம்பர். பின்பக்கம் காற்று வெளியேறும் சல்லடையில் நான்காம் நம்பர். சென்சரை டேப்பால் மூடி ஒட்டக் கூடாது என்றார். மூடினால் டேப்பின் சூட்டைத்தான் காட்டும். வயரை மட்டும் ஒட்டி, முனையை உலோகத்தைத் தொடவிட வேண்டும். காற்றை அளக்க வேண்டிய இடத்தில் எதையும் தொடவிடக் கூடாது. எந்த வயரும் விசிறி இறக்கையில் மாட்டாமல் வெள்ளை நூலால் ஓரமாகக் கட்டினார். ஐந்தாவதை ஜன்னல் கொக்கியில் சும்மா தொங்கவிட்டார்.

"அது எதுக்குண்ணே வெளியில?"

"ரூம் எவ்வளவு சூடுன்னு தெரிய வேணாமா? அதைக் கழிச்சாத்தான் பெட்டியோட சூடு. வெளியில ஒண்ணு தொங்கலேன்னா எல்லாப் பழியையும் வெயில் மேல போட்டுடலாம்."

தகட்டை மூடினார்கள். திறந்து வைத்தால் காற்று போகும் வழியே மாறிவிடும், அளந்தும் பிரயோஜனமில்லை என்றார் அவர். ஐந்து சின்னத் திரைகளையும் மேஜை விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதினாள். பிரிட்ஜ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்தபடி, தான் ரிப்பேர் பார்த்த ஒரு ஐஸ் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருந்த கதையைச் சொன்னார்.

அறை முப்பத்தைந்து. ஒன்றாம் நம்பர் முப்பத்தாறு. நாலாம் நம்பர் ஐம்பதைத் தாண்டியது. இரண்டாம் நம்பர் அறுபது, எழுபது, எழுபத்தெட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நம்பர் மட்டும் முப்பத்தெட்டுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

பிரிட்ஜ்காரர் கதையை நிறுத்தினார். "இந்த மூணாம் நம்பர் சென்சர் போயிடுச்சு போல" என்றார். பெட்டியை நிறுத்தித் திறந்து, ஒன்றாம் நம்பரையும் மூன்றாம் நம்பரையும் இடம் மாற்றினார். மறுபடி ஓடவிட்டார்கள். இப்போது கார்டின் முதுகில் இருந்த ஒன்றாம் நம்பர் முப்பத்தெட்டு காட்டியது.

"சென்சர் சரியாத்தாம்மா இருக்கு. இந்த இடம்தான் சூடாகல. இது என்ன வேலை செய்யற சாமான்?"

வீடியோ வேலையே அதுதாண்ணே என்றாள் அவள். வீடியோ ஓடும்போது அந்தக் கார்டைத் தொட்டால் கை சுடும். போன வருஷம் ஒருமுறை சுட்டுக்கூட இருக்கிறது.

"அப்படின்னா அது வேலை செய்யலை. சும்மா உக்காந்திருக்கு. அதோட வேலையையும் சேத்து இந்த ரெண்டாம் நம்பர் பாக்குது. அதான் மூச்சு முட்டி விழுது. வெயில் பாவம்மா, அது மேல தப்பில்ல."

அவள் தகட்டை மறுபடி கழற்றினாள். மொபைல் டார்ச்சை அடித்துக் கார்டின் மூலையைப் பார்த்தாள். கறுப்பு பிளாஸ்டிக் வழவழவென்று முழுசாக இருந்தது. பெயர்ந்த இடம் இல்லை. மெரூன் பொட்டு இல்லை. பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி, அதே இரட்டை விசிறி, விசிறிகள் சுற்றவும் செய்தன. கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் கார்டின் பெயர் வந்துவிடும். மூன்று மாதமாக அந்த இரண்டு தட்டைத் தட்ட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது தட்டினாள். அவள் வாங்கிய கார்டின் பெயர் வரவில்லை. பத்து வருஷத்துப் பழைய, எடிட்டிங்குக்கு ஒன்றுக்கும் உதவாத ஒரு கார்டின் பெயர் வந்தது. அந்த இரண்டாவது ஆப்ஷன் எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. கார்டைத் தேடாமல் பிராசஸரை மட்டும் வைத்தே வேலையை ஓட்டுவதற்கு. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே அதை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிரிட்ஜ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு, சென்சர்கள் அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் வரைக்கும் அவள் தம்பிக்காகத் தனக்குத்தானே வாதாடினாள். கார்டு கெட்டிருக்கும், ரிப்பேருக்குக் கொண்டுபோயிருப்பான், அக்கா பயப்படுவாளே என்று சொல்லாமல் விட்டிருப்பான். அப்புறம் போன் போட்டாள். கார்டு சூடாகவில்லை என்று மட்டும் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை.

"யாரு, அந்த பிரிட்ஜ்காரரா சொன்னாரு?" தம்பி சிரித்தான். "அக்கா, அவர் ஐஸ் பெட்டி பாக்கறவர். அதே கார்டுதான் உள்ள இருக்கு, அது பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுது. ஒரு ஏசி வாங்குன்னு எத்தனை தடவை சொல்றேன்?"

அதே கார்டுதான். அந்த இரண்டு வார்த்தையை அவன் எவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. நடு ஹாலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமும் பயல் அவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான், அவள் தலையை வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை போட்டோகிராபரைப் பார்க்கப் போனாள். பெட்டியில் கோளாறு, சனிக்கிழமை முடியாவிட்டால் திங்கள் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் போனாள். அவர் ஸ்டுடியோவில், போட்டோ லைட்டுக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர், இதுக்குப்போய் நேர்ல வரணுமா? தம்பிகிட்டயே குடுத்துடலாமே. அவர்தான் இந்த மாசம் வந்த மத்த மூணு கல்யாணத்தையும் சட்டுசட்டுன்னு முடிச்சுக் குடுத்தாரே."

அவராகவே சொல்லிக்கொண்டு போனார். அக்காவுக்கு உடம்பு முடியல, நான் பாத்துக்கறேன், அவங்களுக்கும் தெரியும் என்று தம்பி சொன்னானாம். நல்ல பிள்ளை, பெரிய மெஷின் வைத்திருக்கிறான், நாலு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறான். இனிமேல் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று அவர் சொன்ன வேறு ஆள் அவள் தம்பிதான்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. வெயிலில் எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டவில்லை, திறந்துதான் இருந்தது. முன்னறையில் புது மேஜை, புது நாற்காலி, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட புதுப் பெட்டி. உள்ளே நீல விளக்குகள் எரிந்தன. திரையில் யாருடையதோ ஒரு கல்யாணம் எழுபத்தொன்பது சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கார்டின் மூலையில், மெரூன் பொட்டு.

தம்பி நாற்காலியை அவசரமாக அவள் பக்கம் தள்ளினான். "உக்காருக்கா. தண்ணி குடிக்கறியா?"

அவள் நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள், பொட்டுக்கு நேராக. அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"ஒரு மாசத்துக்குன்னுதான்க்கா எடுத்தேன். ஒரு மாசத்துல வேற வாங்கி, இதைத் திருப்பி மாட்டிடலாம்னு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"குடுத்திருப்பே. அதனாலதான் கேக்கல." அவன் குரலில் இப்போது கோபம் இருந்தது, எப்போதும் இருந்த கோபம்தான் போலிருக்கிறது, அவளுக்குத்தான் இன்றைக்குக் கேட்டது. "நீ குடுத்தா, சாகற வரைக்கும் அக்கா குடுத்தது, அக்கா குடுத்ததுதான். நானா ஒண்ணு ஆரம்பிச்சேன்னு இருக்க வேணாமா எனக்கு? உனக்கென்ன, மாமா சம்பாதிக்கறாரு. எனக்கு யார் இருக்கா?"

"போட்டோகிராபரும் உனக்கா கிடைச்ச ஆள்தானா?"

அவன் புது மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஜன்னல்ல ஈரத்துணி போடறேன்னு உன்கிட்ட சொன்னேன். ரெண்டு ஜன்னல்லயும் போடுன்னு சொன்னியேடா. அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்."

அவன் கண் கலங்கினான். அவளுக்கு அந்தக் கண்ணீர் மேல் இரக்கம் வரவில்லை. அப்படி வராமல் போனதுதான் அவளுக்கு வலித்தது.

கார்டைக் கழற்றித் தா என்றாள். அவன் ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினான். "இரு" என்று தடுத்தாள். "எண்பத்து மூணு ஆயிடுச்சு. முடியட்டும். அவங்க வீட்டுக் கல்யாணம் என்ன பாவம் பண்ணுச்சு."

அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ இருவர் மாலையும் கழுத்துமாகச் சிரிப்பதைப் பன்னிரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு இடத்தில் பாட்டைத் தவறாக வெட்டியிருந்தான். பழக்க தோஷத்தில் சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். நூறானதும் அவன் பெட்டிக்கு முன் மண்டியிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கழற்றினான். ஒரு துண்டில் சுற்றி அவளிடம் நீட்டும்போது, "நான் ஒண்ணும் பூட்டை உடைச்சுத் திருடலக்கா" என்றான். செருப்பு ஸ்டாண்டுச் சாவியைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் வந்தவன், "மாமா இப்ப வீட்டுல இருப்பாரா?" என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கணவர் வீட்டில்தான் இருந்தார். ஈரத்துணியைப் பிழிந்து ஜன்னலில் போட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் துண்டை மேஜை மேல் வைத்துவிட்டு முழுக்கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழ அழச் சொன்னாள். அவர் தலை நிமிராமல் கேட்டார். ஆரஞ்சின் மேல் இருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"சரி விடு. கூடப் பொறந்தவன்தானே. கார்டு வந்துடுச்சில்ல" என்றார் கடைசியில்.

அவ்வளவுதானா என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் எழுந்து போய்த் தன் கையால் டீ போட்டு எடுத்து வந்தார். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவர் டீ போட்டது அதுதான் இரண்டாவது தடவை. அதைக் குடிக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தம்பி போனால் போகட்டும், இந்த மனுஷன் இருக்கிறார். "அவனை நம்பி நாசமாப் போனேன். நீங்க ஒருத்தர் இல்லேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்" என்று சொல்லி, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் அசையாமல் இருந்தார்.

இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட அவளுக்கு மனசில்லை. தானே மாட்டுவது என்று முடிவு செய்தாள். பெட்டியைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்து, தகட்டை எடுத்தாள். சென்சர் வயர்களை ஓரமாக ஒதுக்கினாள். உள்ளே இருட்டாக இருந்ததால் கணவரை டார்ச் பிடிக்கச் சொன்னாள். பழைய கார்டின் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி, கார்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆட்டிப் பார்த்தாள். பலமாக இழுத்தால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

டார்ச் வெளிச்சம் மேலேயிருந்து மெதுவாக நகர்ந்து, கார்டுக்கு அடியில், ஒரு ஓரத்தில் போய் நின்றது.

"அங்க ஒரு சின்னக் கொக்கி இருக்கு பாரு" என்றார் அவர். "அதை அமுக்கிக்கிட்டே இழு. இல்லேன்னா வராது."

அவள் விரலை விட்டுத் தடவினாள். இருந்தது. அமுக்கினாள். கார்டு டக்கென்று கையோடு வந்துவிட்டது.

வந்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மவுஸைத் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று தள்ளி நிற்கிற மனுஷன் இவர். மூன்று வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவளுக்கே தெரியாத கொக்கி அது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளிச்சம் லேசாக ஆடியது.

"எப்படிங்க தெரியும்?"

"அவன் இழுத்தப்பவும் வரல" என்றார் அவர். "அப்புறம் அதை அமுக்கினான்."

கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார். அன்றைக்கு வேனைத் தெருமுனையில் விட்டுவிட்டு வந்து, கதவைத் திறந்துவிட்டதே அவர்தானாம். தம்பி கெஞ்சினானாம், ஒரே மாதம் மாமா என்றானாம். ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, அதற்கப்புறம் எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டாராம். சொன்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு முறிந்துவிடுமே என்றுதான் பார்த்தாராம். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் துண்டைப் பிரித்தாள். தன் கார்டை எடுத்து, மெரூன் பொட்டுள்ள மூலை வெளிப்பக்கம் வரும்படி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். கொக்கி தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் டார்ச்சை அணைக்கப் போனார்.

"பிடிங்க" என்றாள். "எங்க பிடிக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

ஸ்க்ரூவை முடுக்கினாள். பிரிட்ஜ்காரர் சொன்னபடியே சென்சரின் முனை உலோகத்தைத் தொடுகிற மாதிரி வைத்து, வயரை மட்டும் ஒட்டினாள். தகட்டை மூடி, பெட்டியை நிமிர்த்தி, முதல் ஆப்ஷனை வைத்து வீடியோவை ஓடவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கார்டில் இருந்த சென்சர் நாற்பதைத் தாண்டியது. ஐம்பது. அறுபது. அறுபத்தாறில் நின்றது. இரண்டாம் நம்பர் ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் எழுதினாள். அவர் பின்னாலேயே நின்றார், கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

அறுபத்திரண்டு சதவீதம் வந்தது. மணப்பெண் தண்ணீர் கிளாஸை எடுத்தாள், குடித்தாள், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

"பாத்தியா, ஓடுது" என்றார் அவர்.

விசிறிக்கு முன்னால் நேற்றைய கிண்ணம் இருந்தது. ஐஸ் எப்போதோ கரைந்துபோய், பாதிக் கிண்ணம் தண்ணீராக நின்றது. அவள் அதை எடுத்து, அவருடைய இன்னொரு கையில் கொடுத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் ஐஸ் வாங்கிட்டு வந்தீங்களா?"

அவர் ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் டார்ச்சுமாக நின்றார். அவள் விசிறியைப் பெட்டியிடமிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த பத்து நிமிஷத்தின் நம்பர்களை எழுத ஆரம்பித்தாள்.